வாசகர் கேள்விகள்: கேமராவை யார் பக்கம் திருப்புவது?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். சூரிய மின்சாரம் பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசை. நல்ல விஷயத்தைக் காட்டும்போது அதிலும் குறை தேடணுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: அவசியம் எடுங்கள். நிலக்கரியை விட்டு நாம் வெளியே வந்தே ஆகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் டிரோனை மேலே ஏற்றி, நீலத் தகடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடப்பதை இசை போட்டுக் காட்டி முடிக்கிற படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. நீங்கள் கீழே இறங்கி நடங்கள்.

கர்நாடகத்தில், துமகூரு மாவட்டத்துப் பாவகடாவுக்குப் போய் வாருங்கள். சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அங்கே இருக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் ஆரம்பித்து, இடையிடையே தொகை உயரும்படி ஒப்பந்தம். மழை பொய்த்துப் பொய்த்து நொந்துபோன வறண்ட பூமியில் இது நல்ல ஏற்பாடுதான், நிலம் கைவிட்டுப் போகவில்லை என்பதே பெரிய விஷயம். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வீடு தேடி வந்துவிடும். சரி, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கு? அதே காட்டில் களை எடுத்தும் கடலை பறித்தும் கூலி வாங்கிய பெண்களுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பணத்தில் ஒரு ரூபாய் கிடையாது, ஏனென்றால் பட்டா அவர்கள் பெயரில் இல்லை. தகடு கழுவுவது, புல் வெட்டுவது, காவல் நிற்பது என்று கொஞ்சம் வேலை வந்தது, அது எல்லோருக்கும் போதவில்லை. சோலார் வேண்டாம் என்று இவர்களைச் சொல்லவைப்பதற்காக நீங்கள் அங்கே போகவில்லை. ஒப்பந்தம் எழுதிய அன்றைக்கு இவர்களுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை என்று கேட்பதற்காகப் போகிறீர்கள்.

ஒரு நடைமுறை விஷயம். நிலக்காரர் பக்கத்தில் நிற்கும்போது கூலிக்குப் போகிற அம்மா மனம் விட்டுப் பேசமாட்டார், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துக்கொள்வார். முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். சாயந்தரம் வேலை முடிந்து அவர்கள் வீட்டு வாசலில் உட்காரும் நேரத்துக்குப் போய்ச் சும்மா பேசிக்கொண்டிருங்கள். அப்புறம், அது மரமில்லாத வெட்டவெளி, காற்று சட்டைமைக்கில் நேராக வந்து மோதும். பஞ்சு உறை இல்லாமல் பதிவு செய்தால், அவர் சொன்னதில் பாதி எடிட்டிங் மேசையில் காணாமல் போய்விடும்.

கேள்வி: அனல்மின் நிலையத்தை மூடு, சுரங்கத்தை மூடு என்கிறார்கள். மூடினால் எங்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? சூழல் படங்களில் புகைபோக்கியைக் காட்டுகிறார்கள், எங்களைக் காட்டுவதில்லை. (ஒப்பந்தத் தொழிலாளி, நெய்வேலி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மூடுவதில் இரண்டு விதம் உண்டு, இரண்டும் நடந்திருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபர் கடைசியில் நின்றது. அந்த இடத்தில் சோலார், காற்றாலை, பேட்டரி எல்லாம் கொண்டுவர உலக வங்கி 497 மில்லியன் டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது, ஆனால் எப்போது? நவம்பரில், நிலையத்தை நிறுத்திய பிறகு! நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள் தெருவில் நின்றார்கள், அவர்களை நம்பியிருந்த கடைகளும் வாடகை வீடுகளும் காலியாயின.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் கதை வேறு. அங்கே வெட்டும் கடின நிலக்கரிக்கான அரசு மானியத்தை நிறுத்துவதென்று 2007இல் முடிவெடுத்தார்கள், கடைசிச் சுரங்கமான புரோஸ்பர்-ஹானியல் மூடப்பட்டது 2018 டிசம்பரில். நடுவில் பதினோரு வருடம். முன்கூட்டி ஓய்வு, மறுபயிற்சி, இடமாற்றம் என்று ஒவ்வொன்றாகச் செய்து, கிட்டத்தட்ட யாரையும் கட்டாயமாக வேலையைவிட்டு அனுப்பாமல் முடித்தார்கள். அங்கே தொழிற்சங்கம் பலமாக இருந்தது, அரசிடம் பணமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் ஊரில் யாராவது படமெடுக்க வந்தால் ஒன்று கேளுங்கள்: ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர், மறுபயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்குமா, இதைப் படத்தில் சேர்ப்பீர்களா என்று.

கேள்வி: படத்தில் வரும் ஏழை மனிதருக்குப் பணம் கொடுக்கலாமா? உண்மைத்தன்மை கெட்டுவிடாதா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: பேட்டிக்கு முன்னால் காசு கொடுத்து, நமக்கு வேண்டியதைப் பேச வைத்தால் கெடும். அவருடைய ஒரு நாள் கூலி நம்மால் போகிறது என்றால் அதைக் கொடுப்பது கடமை. வட மாசிடோனியாவில் காட்டுத்தேன் எடுக்கும் பெண்ணைப் பற்றிய 'ஹனிலேண்ட்' 2019இல் வந்தது, மூன்று வருடம் எடுத்த படம். ஆஸ்கரில் இரண்டு பிரிவுகளில் போட்டியிட்டது. அந்தக் குழு, படம் கவனம் பெற்ற பிறகு, அந்த அம்மாவுக்கு வேறொரு கிராமத்தில் வீடு வாங்கிக் கொடுத்தது. இதனால் படத்தின் உண்மை எங்கே கெட்டது? இயக்குநருக்கு விருது, படத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு சால்வை என்று முடிவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: சூழல் படம் எடுக்கவே எவ்வளவு டீசல் எரிக்கிறோம்! (ஒரு வாசகர், கோவை)

பதில்: உண்மை. படப்பிடிப்பில் பெரும்பங்கு மாசு வண்டியிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வருகிறது. மூன்று பேர் போதும், நான்கு கார் வேண்டாம். ஒலிப்பதிவுக்கு அந்த ஊர்ப் பையனையோ பெண்ணையோ பழக்கி, சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரஃப் கட், அதாவது படத்தின் முதல்கட்டத் தொகுப்பு, தயாரானதும் முதலில் அந்த ஊரிலேயே போட்டுக் காட்டுங்கள். யாராவது எழுந்து "இது இப்படி இல்லை" என்று சொன்னால், திருத்த அப்போது இன்னும் நேரம் இருக்கும்.