நீதிபதி ஓய்வு பெறும் தேதி முன்பே தெரியுமே, பிறகு ஏன் நாற்காலி காலியாகக் கிடக்கிறது?

நியாயமான கேள்விதான். பாரிமுனையில் இருக்கும் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் 75 பேர். ஓய்வு 62 வயதில். இடம் காலியாவதற்கு 6 மாதம் முன்பே உயர் நீதிமன்றத்திலிருந்து புதியவருக்கான பரிந்துரை கிளம்ப வேண்டும் என்பது நடைமுறை. பெரும்பாலும் அங்கேயே தாமதம் தொடங்கிவிடும். அப்புறம் அந்தக் கோப்பு மாநில அரசு, உளவுத்துறை, மத்திய சட்ட அமைச்சகம், உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகள் குழு), குடியரசுத் தலைவர் என்று ஊர் சுற்றி வர வேண்டும். உளவுத்துறை அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே கெடு சொன்னது. என்னைக் கேட்டால், கோப்பு அதிகம் தூங்குவது அமைச்சக மேசையில்தான்.

கீழமை நீதிமன்றங்களில் உரிமையியல் நீதிபதிகள் தேர்வாணையத் தேர்வு மூலம் வருகிறார்கள். அது தனிப் பாதை, ஆனால் பாதிப்பு ஒன்றுதான். ராயபுரத்தில் எங்கள் மாமாவின் வாடகை வழக்கையே பாருங்கள். நீதிபதி மாறிப்போனார், பக்கத்துக் கோர்ட்டு நீதிபதிக்குக் கூடுதல் பொறுப்பு. அவருக்கோ சொந்தக் கோர்ட்டு வழக்குக் கட்டே மலைபோல். சாட்சி சொல்ல வந்த முதியவர் பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்; குமாஸ்தா வந்து அடுத்த வாய்தா தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை அந்த முதியவர் வரவில்லை.