கீபோர்டு பாதியில் நின்றுபோகிறது, கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நானேதான் டைப் செய்கிறேன், ஆள் யாரும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் மதுரையில் ஒரு கடையில் 650 ரூபாய்க்கு வயர் கீபோர்டு வாங்கினேன். மனு அடித்துக்கொண்டிருக்கும்போதே எந்த எழுத்தும் விழாமல் நின்றுவிடுகிறது. மவுஸ் மட்டும் நகர்கிறது. வயரைப் பிடுங்கிச் செருகினால் சரியாகிறது. பஸ் ஏறிப் போய்க் காட்டினால் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது! "விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: கடையில் வேலை செய்து உங்களிடம் நின்றுபோகிறது என்றால், குறை கீபோர்டில்தான் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. சண்டைக்குப் போகும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை நின்றதும் வயரைத் தொடாதீர்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தி விளக்கைப் பாருங்கள். அந்த விளக்கைப் போடுவதும் அணைப்பதும் கீபோர்டு அல்ல, கம்ப்யூட்டர். நீங்கள் அழுத்தியது உள்ளே போய்ச் சேர்ந்து, அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்தால்தான் விளக்கு மாறும். விளக்கு மாறியும் எழுத்து விழவில்லை என்றால் கீபோர்டும் வயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் திறந்து வைத்திருக்கும் புரோகிராமோ தமிழ் டைப்பிங் மென்பொருளோ சிக்கியிருக்கும், அதை மூடித் திறந்து பாருங்கள். எழுத்தை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் விழுகிறதா? அப்படியானால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறது, சட்டென்று தட்டும் எழுத்தை அது கணக்கில் எடுக்காது. வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் அதற்கான கேள்வி திரையில் வரும், வேகத்தில் என்டர் தட்டிவிடுவோம். பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர்களுக்கு ஷிஃப்டில் விரல் வைத்திருக்கும் பழக்கம் உண்டு. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் கீபோர்டு பகுதியில் அதை அணைத்துவிடலாம்.

விளக்கு மாறவே இல்லையா? பிடுங்கிச் செருகினால் சரியாகிறது என்பதால் உங்களுடையது இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிபியுவின் முன்பக்க ஓட்டையில் செருகியிருந்தால் முதலில் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பக்க யுஎஸ்பி, உள்ளே ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. அது லூஸாக இருந்தாலே இந்தத் தொல்லை வரும். நடுவில் எக்ஸ்டென்ஷனோ ஹப்போ இருந்தால் கழற்றிவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து உட்காரும்போதுதான் நிற்கிறது என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த போர்ட்டைத் தூங்கவைக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கீபோர்டை வேறொருவர் கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள், அவருடையதை உங்களுடையதில் போடுங்கள். அங்கேயும் நின்றால் குறை கீபோர்டுதான். வயர் கீபோர்டுக்குள் நுழையும் கழுத்தை லேசாக அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் உள்கம்பி அறுந்திருக்கும். நிற்கும் நேரத்தில் திரையும் விளக்கும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனால் வேலை செய்யும் பொருளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, இப்போது கடைக்காரர். பில்லில் அச்சடித்துவிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பில்லில் அதற்குக் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது, ஆகவே சோதனையை இந்த வாரத்திலேயே முடியுங்கள். "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்றும் ஒருவேளை சொல்வார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆள் வைக்காமல் நீங்களே டைப் செய்வது இங்கே உங்களுக்குப் பெரிய பலம்.

வாயால் பேசாமல், பில் படத்தையும் வீடியோவையும் வைத்து, வாங்கிய தேதியோடு கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாதவர்களுக்கு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஆனால் 650 ரூபாய்க்கு ஆணையம் வரை அலைவதற்கு முன் 1915-ஐ முயன்று பாருங்கள். அப்புறம், கீபோர்டு வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பெனி வாரண்டி எத்தனை மாதம் என்று அதில் பாருங்கள். கடை கைவிரித்தாலும் அந்த வழி இருக்கிறது, அதற்குக் கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கேட்பார்கள்.