சங்கமா, டிரஸ்ட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தீப்பெட்டி, பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்பது பேர் சேர்ந்து மாலை நேர இலவச வகுப்பு நடத்துகிறோம். நன்கொடை வர ஆரம்பித்திருக்கிறது. சங்கமாகப் பதிவதா, டிரஸ்ட் வைப்பதா, கம்பெனியா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒன்பது பேரும் உட்கார்ந்து முதலில் ஒன்றைப் பேசி முடியுங்கள் அம்மா. நாளைக்கு உங்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் கடைசிச் சொல் யாருடையது? எல்லாருக்கும் ஓட்டு வேண்டும் என்றால் சங்கம். சொத்தையோ பணத்தையோ ஒருவர் ஒதுக்கி வைத்து, இரண்டு மூன்று பேர் பொறுப்பில் அது காலத்துக்கும் நடக்க வேண்டும் என்றால் டிரஸ்ட். லாப நோக்கமற்ற கம்பெனியை (2013 கம்பெனிகள் சட்டம், 8ஆம் பிரிவு) இரண்டு இயக்குநர்களோடு தொடங்கலாம். ஆனால் வருடா வருடம் ஆடிட்டும் கம்பெனிப் பதிவாளருக்கான தாக்கல்களும் கட்டாயம். உங்கள் அளவுக்கு அது பெரிய சுமை. உங்களுக்குச் சங்கமே சரி என்பது எங்கள் கருத்து.

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மெமோரண்டம் (சங்கத்தின் பெயர், நோக்கங்களைச் சொல்லும் ஆவணம்), பைலா (சங்கத்தின் உள்விதிகள்) இரண்டையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒன்றல்ல. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு இதில் அலைபவர்கள் நிறைய. உங்கள் ஊர் எந்தப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகமாகக் காட்டும் வீடு வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்கி வையுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரி பைலாவை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். பல சங்கங்கள் பின்னாளில் கோர்ட்டு வாசலில் நிற்பதற்கு அதுதான் காரணம். தேர்தலுக்கு முந்தைய மாதம் ஒருவர் தன் ஆட்கள் முப்பது பேரை உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் சங்கம் அன்றே கைமாறிவிடும். சேர்ந்து ஓராண்டு ஆனவருக்கு, சந்தா பாக்கி இல்லாதவருக்கு மட்டுமே ஓட்டு என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தது எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் (கோரம்), உறுப்பினரை நீக்கும் முறை என்ன, வங்கியில் எந்த இருவர் கையெழுத்து என்பதெல்லாம் பைலாவில் இருக்கட்டும். சங்கம் கலைந்தால் மிச்சமிருக்கும் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கே போகும், உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்ற விதியும் வேண்டும். வருமான வரித்துறை தேடிப் பார்ப்பது அதைத்தான்.

நோக்கங்களை எழுதும்போது ‘கல்வி’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். வரிச் சட்டத்தில் கல்வி என்பது முறையான பள்ளிக் கல்வி என்று 1975லேயே உச்ச நீதிமன்றம் பொருள் சொல்லிவிட்டது. டியூஷன் அதில் அடங்குமா என்ற கேள்வி வரும். ‘ஏழைகளுக்கான உதவி’ என்பதையும் சேர்த்து, இலவச வகுப்பு அதன் பகுதி என்று எழுதுங்கள். இன்ன சாதியார் பிள்ளைகளுக்கு என்று எழுதினால், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி கிடைக்காது.

பதிவு முடிந்ததும் பான் கார்டு, வங்கிக் கணக்கு, பிறகு அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவு, 80ஜி. (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுகின்றன, பழகிய பெயராலேயே சொல்கிறோம்.) முதலில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. சேவையைத் தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இதில் எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கேள்வி: 2014இல் பதிந்த சங்கம். ஐந்து வருடமாகக் கணக்குத் தாக்கல் இல்லை. புதுச் செயலாளர், பொருளாளர் வந்தும் வங்கி கையெழுத்தை மாற்றித் தர மறுக்கிறது.
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பதிவாளர் கோப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் வங்கி நிர்வாகியாகப் பார்க்கும். நிர்வாகக் குழு மாறினால் மூன்று மாதத்துக்குள் ஏழாம் எண் படிவம் போயிருக்க வேண்டும். அதற்கு முன் தேர்தலே செல்லுமா என்று பாருங்கள். குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் இருக்க முடியாது. காலம் முடிந்த குழு நடத்திய தேர்தலை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். சந்தேகம் இருந்தால் எல்லா உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் 21 நாள் அவகாசம் கொடுத்து மறுபடி பொதுக்குழுவைக் கூட்டுங்கள்; தபால் ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள்.

ஐந்து வருடத்தையும் ஒரே கணக்காகப் போட முடியாது. வருடத்துக்கு ஒரு வரவு செலவு, ஒரு இருப்புநிலைக் குறிப்பு, ஒரு தணிக்கை அறிக்கை, ஒரு உறுப்பினர் பட்டியல் வேண்டும். பழைய வருடத்திலிருந்து தொடங்குங்கள். அதன் முடிவிருப்பு அடுத்த வருடத்தின் தொடக்க இருப்போடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு, கட்டணமும் செலுத்தித் தாக்கல் செய்யுங்கள். நடக்காத கூட்டத்தை நடந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பொய் ஆவணம். தாமதத்துக்கு மன்னிப்பு உண்டு, இதற்கு இல்லை. இனியும் தள்ளிப்போடாதீர்கள் ஐயா. செயலற்ற சங்கம் என்று பதிவை நீக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் தம்பியும், சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அக்காவும் எங்கள் அமைப்புக்குப் பணம் அனுப்பலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பியிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள். அக்கா ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் சேவைக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பணம் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிப் பிரதான கிளை. அக்கா உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பி, நீங்கள் அமைப்புக்குக் கொடுப்பது என்ற யோசனை சிலருக்கு வரும். அந்தக் குறுக்கு வழி சிறைத்தண்டனை வரை கொண்டுபோகக்கூடும்.

கேள்வி: என் வீட்டு மாடியில்தான் அலுவலகம். அமைப்பிலிருந்து வாடகை எடுக்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: எடுக்கலாம், அந்தத் தெருவின் நடப்பு வாடகைக்கு மேல் போகாதவரை. அதிகம் எடுத்தால் நிறுவனருக்குப் பலன் போனதாகக் கருதி வரிவிலக்கில் கை வைப்பார்கள். வாடகை ஒப்பந்தம் போடுங்கள். வாடகையை முடிவு செய்யும் கூட்டத்தில் நீங்கள் ஓட்டுப் போடாமல் விலகி இருந்ததைத் தீர்மானத்திலேயே பதியச் சொல்லுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

கேள்வி: சிப்காட் தொழிற்சாலைகளிடம் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்க என்ன வேண்டும்?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (சிஎஸ்ஆர் பணி செய்யும் அமைப்புகள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து பெறுவது), அதோடு அதே துறையில் மூன்றாண்டு அனுபவம். சிஎஸ்ஆருக்குச் செலவழிக்கும் கடமை எல்லாத் தொழிற்சாலைக்கும் இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான் உண்டு. மார்ச்சில் போய் நிற்காமல், அவர்கள் ஆண்டுத் திட்டம் போடும் நேரத்தில், எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு என்ன செலவு என்ற கணக்கோடு போங்கள்.