வாசகர் கேள்வி – பதில்: மேடேறும் கப்பல்கள்

கேள்வி: பனாமா கால்வாயில் பெரிய சரக்குக் கப்பல்கள் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறி, மறுபுறம் இறங்கி வேறொரு கடலுக்குப் போவதைப் பேரன் காணொளியில் காட்டினான். அத்தனை எடையைத் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வைத்திருக்கிறார்கள்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கப்பலைத் தூக்குவதற்கென்று அங்கே மோட்டாரும் இல்லை, நீரேற்றும் பம்பும் இல்லை. சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் காட்டூன் என்னும் ஏரியை உருவாக்கினார்கள். 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறக்கப்பட்டது முதல் எல்லா வேலையையும் அந்த ஏரி நீரே செய்து வருகிறது. பெருமாள் ஏரி மதகில் ஷட்டரை உயர்த்தியதும் நீர் தானாகப் பள்ளத்துக்குப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் அதுதான் நடக்கிறது.

லாக் எனப்படும் நீர்ப்பூட்டு, இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட நீளமான கான்கிரீட் தொட்டி. கடல்பக்கக் கதவு வழியாகக் கப்பல் உள்ளே வந்ததும் அதை மூடிவிட்டு, மேலே உள்ள நீரைச் சுவர்களுக்குள் ஓடும் பெரிய குழாய்கள் வழியாகத் திறந்துவிடுகிறார்கள். நீர் ஒரு முனையிலிருந்து பாய்ந்தால் கப்பல் அலைக்கழிந்து சுவரில் மோதும் என்பதால், தொட்டியின் தரையெங்கும் உள்ள துளைகள் வழியாக ஊறிவருவதுபோல் மேலெழும்படி அமைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் நீர் மட்டம் உயர, மிதக்கும் கப்பலும் கூடவே உயர்கிறது. இருபுறமும் மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கிறது. அட்லாண்டிக் பக்கம் இப்படி மூன்று படிகளில் ஏறி, ஏரியைக் கடந்து, பசிபிக் பக்கம் ஒன்றும் இரண்டுமாக மூன்று படிகளில் நீரை வடியவிட்டு இறங்குகிறார்கள்.

கப்பலின் எடை கூடினால் தொட்டியை நிரப்பக் கூடுதல் நீர் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. மிதக்கும் கப்பல் கீழே இருக்கும்போது எவ்வளவு நீரை விலக்குகிறதோ, மேலே போன பிறகும் அவ்வளவையே விலக்குகிறது. ஆகவே தொட்டியின் பரப்பையும் ஏற வேண்டிய உயரத்தையும் பெருக்கினால் வரும் அளவே, மீன்பிடிப் படகுக்கும் சரக்குக் கப்பலுக்கும் செலவாகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கதவுகளும் பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு முனையிலும் உள்ள இரட்டைக் கதவுகள், கூப்பிய கைகளைப்போல, நீர் உயர்ந்து நிற்கும் பக்கம் நோக்கிக் கூம்பி மூடுகின்றன. நீர் அழுத்த அழுத்த அவை இன்னும் இறுகும். சுமார் இரண்டு மீட்டர் தடிமன் இருந்தாலும் உள்ளே வெற்றிடம் என்பதால் பாதி மிதந்தபடியே இருக்கும் இக்கதவு ஒவ்வொன்றையும் அசைக்கச் சிறிய மோட்டார்களே போதுமானவையாக இருந்தன. நீங்கள் கேட்ட மோட்டாருக்கு அங்கே இதுபோன்ற சின்ன வேலைகள்தான். பழைய தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், அதில் 32.3 மீட்டர் அகலக் கப்பல் நுழைந்தால் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் மிச்சம், அதாவது ஒன்றேகால் முழத்துக்குச் சற்றே கூடுதல். அதனால் கரையில் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின் எஞ்சின்கள் இருபுறமும் கம்பி கட்டிக் கப்பலை நடுவில் நிறுத்திக்கொண்டே செல்கின்றன.

செலவு நீரில்தான். ஒரு கப்பல் கடந்தால் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. அந்த ஏரியே பனாமா நகர மக்களின் குடிநீருக்கும் ஆதாரம் என்பதால், வீராணம் நீர் சென்னைக்குப் போவதைக் காணும் நமக்கு அதன் அருமை புரியும். 2016இல் திறந்த பெரிய பூட்டுகளில் பக்கத் தொட்டிகள் கட்டி 60 சதவீத நீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள்; அப்படியும் 2023இல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க நேர்ந்தது.

கேள்வி: சூயஸ் கால்வாயில் இந்த நீர்ப்பூட்டு ஏன் இல்லை? நம் நாட்டில் எங்காவது உண்டா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சூயஸின் இரு முனைக் கடல்களும் ஏறக்குறைய ஒரே மட்டம், நடுவில் மேடும் இல்லை, எனவே தேவைப்படவில்லை. நம் நாட்டில் ஹால்டியா, கிதிர்ப்பூர் துறைகளில், ஹூக்ளி ஆற்றின் ஏற்றவற்றத்தால் உள்ளே நிற்கும் கப்பல்கள் தரைதட்டாமல் இருக்க லாக் கதவுகள் உள்ளன. உங்களுக்கு அருகிலேயே, மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாயிலும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளுக்காக லாக்குகள் கட்டப்பட்டிருந்தன.