பிசியோதெரபி லைசென்ஸ் தேர்வு, முதல் வேலை: கேள்வி பதில்

கேள்விகளை அனுப்பச் சொன்னதும் வந்து குவிந்துவிட்டன, நன்றி. நான் தமிழ்நாட்டில் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) படித்து, அமெரிக்காவின் என்பிடிஇ என்ற பிசியோதெரபி லைசென்ஸ் தேர்வை எழுதி, இப்போது அங்கே பக்கவாதம், தண்டுவடக் காயம் வந்தவர்களுக்கான ரிஹாப் (மறுவாழ்வு) வார்டில் வேலை பார்க்கிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்ததற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். மற்றதற்கு ஒரு வரிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: அக்கா, பிபிடி முடிச்சாச்சு. யூஎஸ் போகணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

காகிதத்திலிருந்து. புத்தகம் அப்புறம்.

தேர்வை நடத்துவது எஃப்எஸ்பிபிடி, அதாவது மாநில போர்டுகளின் கூட்டமைப்பு. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநில போர்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் எந்த மாநிலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு உங்கள் படிப்பு அங்குள்ள படிப்புக்கு ஈடா என்று மதிப்பிட வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் எஃப்சிசிபிடி என்ற மதிப்பீட்டு நிறுவனம் மூலமாகத்தான் அதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான நுழைவுப் படிப்பே இப்போது டிபிடி என்ற டாக்டர் நிலைப் பட்டம். நம் நாலரை வருடப் பிபிடியைப் பாடம் பாடமாக, மணிக்கணக்கோடு அதனுடன் ஒப்பிடுவார்கள். குறை பெரும்பாலும் பிசியோ பாடங்களில் வராது. கல்லூரியில் நாம் தொடாத பொதுப்பாடங்களில்தான் வரும். அந்தக் குறையைப் பலர் க்ளெப் என்ற அமெரிக்கக் கல்லூரிப் பாடத் தேர்வுகள் எழுதி நிரப்புகிறார்கள். போர்டு அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் படித்த வருடத்தின் சிலபஸை, பாடவாரியான மணிநேரத்துடன், கல்லூரி முத்திரை போட்டு வாங்கி வையுங்கள். இன்டர்ன்ஷிப்பில் எந்தப் பிரிவில் எத்தனை மணிநேரம் இருந்தீர்கள் என்ற கடிதமும் வேண்டும். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால், உங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார். மதிப்பீட்டுக்கான ஆவணங்கள் கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் நேரடியாகப் போக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் நகல் அதற்குப் போதாது. தேர்வை விட இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

திருநெல்வேலி: எத்தனை மாசம் படிச்சா பாஸ் ஆகலாம்?

கல்லூரியை விட்டு எவ்வளவு நாள் ஆயிற்று, வேலையில் இருக்கிறீர்களா, தினமும் எத்தனை மணிநேரம் உட்கார முடியும் என்று தெரியாமல் மாதக் கணக்கு சொல்ல முடியாது. ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். அந்த மதிப்பெண்தான் உங்களுக்கான காலத்தைச் சொல்லும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எக்ஸாம் சென்டர் சென்னையில இருக்கா?

இல்லை. என்பிடிஇ எழுத அமெரிக்க மண்ணுக்குத்தான் வர வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்தில் நான்கு முறை நடக்கிறது. விசா தேதியையும் தேர்வுத் தேதியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கும்பகோணம்: கேள்வி எப்படி இருக்கும்? எங்க காலேஜ்ல பத்து மார்க் எஸ்ஸே எழுதித்தான் பழக்கம்.

நல்ல கேள்வி. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

மொத்தம் 225 கேள்விகள், 5 மணிநேரம். அதில் 180-க்குத்தான் மதிப்பெண். மிச்சம் 45 அடுத்த தேர்வுகளுக்கான சோதனைக் கேள்விகள். எது எது என்று உங்களுக்குத் தெரியாது. மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் வரும், 600 எடுத்தால் தேர்ச்சி. அதை 75 சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நம் கல்லூரியில் 'ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா பற்றி எழுதுக' என்று கேட்பார்கள். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தாக ஏறும் நிலை அது. காரணம், அறிகுறி, சிகிச்சை என்று மூன்று பக்கம் எழுதிவிடுவோம். என்பிடிஇயில் அந்தப் பெயரே இருக்காது. நானே ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன்.

28 வயது இளைஞர், கழுத்தில் சி6 அளவில் முழுமையான தண்டுவடக் காயம். பயிற்சிப் பாயில் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்கிறார். முகம் சிவந்து வியர்க்கிறது. ரத்த அழுத்தம் 178/100, நாடித்துடிப்பு 52. முதலில் என்ன செய்வீர்கள்? படுக்கவைத்தே காலை உயர்த்துவதா? உட்காரவைத்துக் காரணத்தைத் தேடுவதா? ஓய்வு கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அழுத்தத்தைப் பார்ப்பதா? அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதா?

மாத்திரை நம் அதிகாரத்தில் இல்லை, அது போயிற்று. காத்திருந்தால் மூளையில் ரத்தக்கசிவுவரை போகலாம், அதுவும் போயிற்று. மிச்சம் இரண்டு. மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் படுக்கவைத்துக் காலைத் தூக்குவார்கள். தண்டுவடக் காயம் என்றதும் அழுத்தம் சரிந்து மயங்கும் நோயாளிதான் அவர்கள் நினைவுக்கு வருகிறார். இவருக்கு நடப்பது நேர் எதிர். டி6-க்கு (மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட நிலை) மேல் காயம், ஏறிய அழுத்தம், இறங்கிய நாடி. உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டாலே ரத்தம் கீழே இறங்கி அழுத்தம் கொஞ்சம் குறையும். அடுத்த நொடி சிறுநீர் இறங்கும் கத்தீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுப் பெல்ட், கால் பட்டை, இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கூடவே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

வார்டில் இந்த நிலைமையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மடங்கிய குழாயை நேராக்கியதும் சிறுநீர் இறங்கி, சில நிமிடத்தில் அந்த மனிதரின் முகமே மாறிவிடும். தேர்வு கேட்பது இதைத்தான்: இந்த ஆளை நம்பி ஒரு நோயாளியைத் தனியாக விடலாமா? கேள்வியில் 'முதலில்', 'அடுத்து', 'மிகச் சிறந்த' என்று எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். நான்கில் இரண்டு விடை சரியானவையாகவே இருக்கும். வரிசைதான் வேறு.

சேலம்: எந்த புக் பெஸ்ட்?

சந்தையில் இருக்கும் பெரிய ரிவ்யூ புத்தகங்களில் ஏதாவது ஒன்று போதும். ஒன்றை முழுதாக முடியுங்கள். கூடவே எஃப்எஸ்பிபிடியே தரும் பீட் மாதிரித் தேர்வை எழுதுங்கள். நான்கு புத்தகம் வாங்கி நான்கிலும் முதல் அத்தியாயத்தை மட்டும் கோடு போட்டு வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மதுரை: அக்கா, டெலிகிராம் குரூப்ல போன எக்ஸாம் ரீகால் விக்கிறாங்க. வாங்கலாமா?

ரீகால் என்பது தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதித் தரும் கேள்விகள். வாங்காதீர்கள். பகிராதீர்கள். அந்தக் குரூப்பிலிருந்து இன்றே வெளியேறுங்கள்.

இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். 2010 ஜூலையில் எஃப்எஸ்பிபிடி ஒரு முடிவு எடுத்தது. கேள்விகள் பெரிய அளவில் வெளியாகிப் பகிரப்படுகின்றன என்று கண்டு, இந்தியா, பிலிப்பைன்ஸ், எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் படித்தவர்கள் தேர்வு எழுதுவதையே நிறுத்தியது. தனி ஆட்களுக்கு இல்லை, நாட்டுக்கே. பிறகு அந்த நான்கு நாட்டவருக்கு மட்டும் தனித் தேர்வு வைத்தது. இன்று குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் தேர்வு நடக்கும் முறையும் அதன் தொடர்ச்சியாக 2011-ல் வந்ததுதான்.

(இதற்கு வந்த மறுப்பு) கோவை: நினைவுல இருக்கறத சொல்றதுல என்ன தப்பு? பழைய கொஸ்டின் பேப்பர் பார்த்துதானே நாம எல்லாரும் படிச்சோம்?

பல்கலைக்கழக வினாத்தாள் தேர்வு முடிந்ததும் உங்கள் கையிலேயே இருக்கும். அடுத்த வருடம் வேறு தாள். என்பிடிஇ கேள்விகள் மறுபடி பயன்படுத்தப்படுபவை. அவற்றை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றாகாது.

கோவை, மறுபடியும்: அமெரிக்கப் பசங்களும்தான் பேசிக்கறாங்க. நம்மள மட்டும் தடை பண்ணது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். நேர்மையாகப் படித்து, கடன் வாங்கி டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்களும் அதில் அடிபட்டார்கள். யாரோ செய்ததற்கு ஒரு நாட்டு மாணவர்கள் அனைவரையும் நிறுத்தியது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த வலியிலிருந்து நாம் எடுக்க வேண்டிய முடிவு என்ன? அடுத்த அடிக்குக் காரணமாக இருக்கமாட்டோம் என்பதுதான். நீங்கள் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கும் பிடிஎஃப், உங்களுக்குப் பின்னால் வரும் தங்கையின் வழியை அடைக்கலாம்.

சென்னை: கோவை அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு. ரீகால்ல பாதி தப்பான ஆன்சர்தான், ஆனா எந்த டாபிக் வருதுன்னு தெரியுமே?

எந்தத் தலைப்பு வரும் என்று எஃப்எஸ்பிபிடியே பட்டியல் போட்டு இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை கேள்வி வரும் என்பதுவரை அதில் உண்டு. தசை எலும்பு, நரம்பு, இதயம் நுரையீரல் மூன்றும் பெரிய பங்கு. பாதி தப்பான விடையை மனதில் ஏற்றிக்கொண்டு ஐசியூவில் ஒருவரை எழுப்பி நிற்கவைக்கப் போகிறீர்களே, அதை யோசியுங்கள். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாகர்கோவில்: 582 வாங்கி ஃபெயில். அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு உடனே போடலாமா?

தம்பி, 582 என்பது வாசல்வரை வந்த மதிப்பெண். அவசரப்பட்டு அதை வீணாக்காதீர்கள். 12 மாதத்துக்குள் 3 முறைதான் எழுதலாம், வாழ்நாளில் 6 முறை. 400 அல்லது அதற்குக் கீழ் இரண்டு முறை வாங்கினால் கதவு அதோடு மூடிவிடும். ஒவ்வொரு முயற்சியும் விலை உயர்ந்தது.

முதலில், எந்தப் பகுதியில் விழுந்தீர்கள் என்று காட்டும் செயல்திறன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். பிறகு ஒரு நோட்டுப் போடுங்கள். பயிற்சியில் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தவறியது என்று ஒரே வரி எழுதுங்கள். பாடம் தெரியவில்லையா? தெரிந்தும் கேள்வியை அவசரமாகப் படித்தீர்களா? இரண்டு விடைக்கு நடுவே கடைசி நொடியில் மாற்றினீர்களா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பாடம் தெரிந்தவர் மறுபடி பாடத்தையே படித்தால் மதிப்பெண் நகராது. முழு ஐந்து மணிநேரம் உட்கார்ந்தும் பழகுங்கள். தேர்வு நாளில் வினாத்தாளின் இரண்டாம் பகுதிக்குப் பிறகு வரும் 15 நிமிட இடைவேளையில் எழுந்து நடந்து ஏதாவது சாப்பிடுங்கள். மற்ற நேரத்தில் வெளியே போனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் சொல்லத் தயங்குகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு படிப்பது இரட்டைச் சுமை.

தஞ்சாவூர்: எத்தனை மாசம் படிக்கணும் மேடம்?

திருநெல்வேலிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வேலூர்: பெயருக்கு முன்னாடி டாக்டர் போடலாமா?

அது இந்தியச் சட்டமும் கவுன்சிலும் தீர்க்க வேண்டிய விஷயம். இங்கே வேண்டாம்.

திண்டுக்கல்: அப்பாவுக்கு இடுப்பு வலி, காலுக்கு இறங்குது. என்ன எக்ஸர்சைஸ்?

பார்க்காமல் சொல்லமாட்டேன். சிறுநீர் போவதில் சிக்கலோ, இருக்கையில் படும் இடத்தில் மரத்துப்போன உணர்வோ இருந்தால் இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

புதுச்சேரி: யூகே, கல்ஃப் ஈஸியா?

இங்கிலாந்தில் எச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு, தனி எழுத்துத் தேர்வு இல்லை. வளைகுடாவில் ஆவணச் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

ஓசூர்: ஒரு ஏஜென்சி எல்லா செலவும் நாங்க பார்த்துக்கறோம்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

முழு ஒப்பந்தத்தையும் படிக்காமல் கூடாது. நடுவில் வேலையை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? அந்தத் தொகை நாள் ஆக ஆகக் குறையுமா, கடைசி நாள்வரை அப்படியே நிற்குமா? எந்த ஊரில் வேலை என்பதை யார் முடிவு செய்வது? நோயாளி குறைந்த வாரத்தில் சம்பளம் உண்டா? நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது. பிறகு உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏஜென்சி அனுப்பும் வழக்கறிஞர் ஏஜென்சியின் ஆள்.

திருச்சி: கிளினிக்ல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட், டிராக்ஷன் போடறதுதான் வேலை. படிச்சதெல்லாம் மறந்துடும் போல இருக்கு.

இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. உங்களைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள்.

மெஷின் ஓடும் அந்தப் பதினைந்து நிமிடம் உங்களுடையது. அதில் நோயாளியிடம் பேசுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒருவரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். 'பிஏ ஷோல்டர்' (உறைந்த தோள்) என்று சீட்டில் எழுதி ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். உறைந்த தோளும் சர்க்கரையும் அடிக்கடி சேர்ந்தே வரும். நீங்கள் கையைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பும்போது எத்தனை டிகிரி போகிறது? கோனியோமீட்டர் வைத்து அளந்து எழுதுங்கள். சிகிச்சை முடிந்ததும் மறுபடி அளங்கள். கையை எப்படித் திருப்பினாலும் வலி மாறவில்லை, மாடி ஏறினால் மட்டும் இடது தோள் வலிக்கிறது என்கிறாரா? அது தோளே இல்லாமல் இருக்கலாம். மெஷினை நிறுத்தி, நாடியும் அழுத்தமும் பார்த்து, உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். என்பிடிஇ கேள்வி இப்படித்தான் வரும். அது உங்கள் கிளினிக்கிலேயே தினமும் வந்துபோகிறது.

வருபவர் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள். முதலாளி நேரம் போகிறது என்றால், ஒரு நிமிட வேலைதான் என்று செய்து காட்டுங்கள்.

வார இறுதி சர்டிஃபிகேட் கோர்ஸ்களுக்குப் பணம் கட்டும் முன், வார்டுள்ள மருத்துவமனையில் ஒரு வருடமாவது இருக்க முடியுமா என்று பாருங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், தெரியும். வீட்டு நிலைமை அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

தென்காசி: இன்டர்ன்ஷிப்ல ஸ்பைனல் கார்ட் கேஸே பார்க்கல. எங்க போய்ப் பார்க்கறது?

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ற மறுவாழ்வு அமைப்பு இருக்கிறது. வடக்கே போக முடிந்தால் வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் ரிஹாப் நிலையம். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ் 1966-ல் தொடங்கிய இடம் அது. பார்வையாளராக வர முடியுமா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் முதல் நாள் பயிற்சி அறைக்குப் போகாதீர்கள். காலையில் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரை எப்படி மாற்றுகிறார்கள், பிரேக்கை யார் போடுகிறார்கள், கத்தீட்டர் பையை எந்தப் பக்கம் வைக்கிறார்கள், தோல் சிவந்திருக்கிறதா என்று எப்போது பார்க்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள். நர்ஸ் அக்காக்களிடம் கேட்டால் நிறையச் சொல்லித் தருவார்கள்.