லேத்தில் கடையும் தண்டு ஒரு பக்கம் தடிக்கிறது: பதில்

தம்பி, 25 மி.மீ. தண்டை 100 மி.மீ. நீளத்துக்குக் கடைந்தால், சென்டர் (முனையைத் தாங்கும் கூர்முனை) கொடுத்தும் டெயில்ஸ்டாக் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் விட்டம் 0.08 மி.மீ. கூடுகிறது, அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு என்று கேட்டிருக்கிறீர்கள். டூலை மாற்றிப் பயனில்லை. பள்ளிப் பட்டறையில் ஒரே லேத்தைப் பல பிரிவுகள் பயன்படுத்தும். டேப்பர் (ஒரு முனை தடித்து மறுமுனை மெலியும்படி கடைவது) பயிற்சிக்காக யாரோ டெயில்ஸ்டாக்கை நகர்த்திவிட்டு நேராக்காமல் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

முதலில் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், பொது மெஷினைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டு சென்டர்களுக்கு நடுவே டெஸ்ட் பார் (சீரான விட்டமுள்ள சோதனைத் தண்டு) மாட்டுங்கள். கேரேஜில் (டூலைத் தாங்கி ஓடும் பகுதி) டயல் கேஜ் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவி) பொருத்தி, அதன் தொடுமுனை பாரின் முன்பக்கத்தைத் தொடும்படி வைத்து நீளவாக்கில் ஓட்டுங்கள். டயலின் முள் நகர்ந்தால் டெயில்ஸ்டாக் விலகியிருக்கிறது, சந்தேகமே இல்லை.

டெயில்ஸ்டாக் கிளாம்பைத் தளர்த்தி, பக்கவாட்டு ஸ்க்ரூ ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்கி, உங்கள் பக்கமாக நகர்த்துங்கள். விட்ட வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 0.04 மி.மீ. போதும். பலரும் 0.08 முழுவதையும் நகர்த்திவிட்டு, எதிர்ப்பக்கம் டேப்பர் வந்ததும் குழம்புவார்கள். கிளாம்பை இறுக்கும்போதும் சற்று நகரும், ஆகவே மறுபடி டயல் வைத்துப் பாருங்கள்.

பிறகு 0.2 மி.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு ஓட்டி, தண்டு ஆறியதும் இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். 30 டிகிரி சூடு கூடினாலே 25 மி.மீ. எஃகு கிட்டத்தட்ட 0.01 மி.மீ. பருத்துவிடும். டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலையும் (சென்டரைப் பிடித்திருக்கும் குழல்) அதிகம் வெளியே நீட்டாதீர்கள், வளையும்.

தேர்வன்று இதே மெஷின்தானா என்று முன்பே கேட்டு வையுங்கள்.