கொசுறாக வந்த குருவி

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகும் நண்பர், "கடவுளே இல்லையென்றால் மனுஷ உயிருக்கு என்ன மதிப்பு? நீயும் ஒன்று, கொசுவும் ஒன்றுதானே?" என்று மடக்குகிறார். என்ன பதில் சொல்லலாம்?

பதில்: பதில் சொல்வதற்கு முன்னால் அவர் எங்கே நின்று பேசுகிறார் என்று பாருங்கள். மனிதன் தேவசாயலில், அதாவது கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்று பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அதாவது மதிப்பு அவன் சம்பாதித்தது இல்லை, அவனுக்குக் கொடுக்கப்பட்டது, அதனால் படுத்த படுக்கையாகிவிட்டாலும் அது குறையாது, அடுத்தவன் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. எனக்குப் பிடித்த இடம் வேறு. பைபிளில் மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சந்தை விலை சொல்கிறார்: ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா சுவிசேஷத்துக்குப் போனால் இரண்டு காசுக்கு ஐந்து! நாலுதானே வர வேண்டும்? ஐந்தாவது கொசுறு. காசே வாங்காமல் சேர்த்துப் போட்ட அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை, நீங்களோ அவற்றைவிட விசேஷித்தவர்கள் என்பதுதான் அங்கே பேச்சு.

அது பேச்சோடு நின்றுவிடவும் இல்லை. கி.மு. 1-ஆம் ஆண்டில், எகிப்தில் வேலைக்காக அலெக்சாந்திரியா போயிருந்த ஒரு ஆள் கர்ப்பிணி மனைவிக்கு பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கவலைப்படாதே, சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன் என்று அன்பாக எழுதிக்கொண்டே வருகிறவர், ஆண் பிறந்தால் இருக்கட்டும், பெண் என்றால் வெளியே போட்டுவிடு என்று அதே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். கெட்டவர் இல்லை, அந்தக் காலத்து சாதாரண மனுஷர், அதுதான் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அப்படிப்பட்ட உலகத்தில் சிசுவைக் கொல்லாதே என்று பிடிவாதமாக நின்றவர்கள் யூதர்களும், அவர்கள் வழிவந்த ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களும். அந்தப் பெருமையை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் உங்கள் கட்சியைப் பேசுங்கள்.

உங்கள் கட்சியில் ஆளுக்கொரு வழி. இருப்பது இந்த ஒரே வாழ்க்கை, போனால் ஈடுகட்ட மறுமை என்று எதுவும் கிடையாது, அதனாலேயே அதைத் தொடக்கூடாது என்பார்கள் சிலர். வேறு சிலர் ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட்டிடம் போவார்கள். விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்துவிடலாம், எதை வைத்தாலும் ஈடாகாதது எதுவோ அதற்குத்தான் கண்ணியம் என்று 1785-இல் எழுதியவர். அவர் கடவுளை மறுத்தவர் இல்லை. ஆனால் இந்த வாதத்தைக் கடவுள்மேல் நிறுத்தாமல் மனிதனின் பகுத்தறிவின்மேல் நிறுத்தினார். கொசு விஷயத்தில் நண்பருக்கு இது போதும்.

கேள்வி: எல்லாரும் தேவசாயல் என்றால், கிறிஸ்தவ அரசர்கள் தூக்கில் போட்டதும் அடிமைகளை வைத்திருந்ததும் எந்தக் கணக்கில்?

பதில்: வேடிக்கை என்னவென்றால், கொலை செய்தவனின் இரத்தம் சிந்தப்படட்டும் என்று ஆதியாகமம் 9-ஆம் அதிகாரம் சொல்வதற்குக் காரணமே மனிதன் தேவசாயல் என்பதுதான். அந்தச் சாயலிலிருந்து வருகிற மனிதக் கண்ணியத்தைச் சொல்லி, 2018-இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுத வைத்தார். அடிமை முறையிலும் அப்படித்தான், விற்றவன் கையிலும் பைபிள், ஒழிக்கப் போராடியவன் கையிலும் பைபிள். நம்பாதவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். நாத்திகத்தை அரசுக் கொள்கையாக வைத்திருந்த சோவியத் நாட்டில், 1937, 1938 ஆகிய இரண்டே வருடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் அரசின் சொந்தக் கணக்குப்படியே ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல்.

கேள்வி: இரண்டு தரப்பும் ஒத்துப்போன இடம் ஒன்றாவது உண்டா?

பதில்: உண்டு, 1948 டிசம்பர் 10. அன்று ஐ.நா. சபையில் நிறைவேறிய உலக மனித உரிமைப் பிரகடனத்தில் கடவுளின் சாயல் என்ற சொல் வர வேண்டும் என்று பிரேசில் கேட்டது, சீனப் பிரதிநிதி சாங் வேண்டாம் என்றார். கடைசியில் பகுத்தறிவும் மனசாட்சியும் மட்டும் நின்றன. 48 நாடுகள் ஆதரவு, 8 நாடுகள் நடுநிலை, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காரணத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், முடிவை இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்கிற ஏற்பாடு.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. "நீங்க யாரு, எப்ப வந்தீங்க?" என்று என்னை மரியாதையாக விசாரிக்கிறார். தலை சீவிவிடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகிவிடுவார். அக்கா, தேவன் கொடுத்த உயிர் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மா எப்போதோ போய்விட்டார், மிச்சம் உடம்புதான் என்று சில நாள் தோன்றுகிறது. தப்பா?

பதில்: தப்பில்லை, களைப்பு. உங்களுக்குத் தோன்றுவதை வாதமாகவே எழுதியவர் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர். தன்னுணர்வு இருந்தால்தான் முழு அர்த்தத்தில் ஆள் என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய அம்மாவுக்கே அல்சைமர் வந்தபோது, ஆள் வைத்துச் செலவு செய்து கவனித்துக்கொண்டார். எதிராளிகள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். எனக்கு அது அவர் புத்தகங்களைவிட நல்ல வாதமாகப் படுகிறது. சிங்கரோடு 2002-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நேருக்கு நேர் வாதாடிய ஹேரியட் மெக்பிரைட் ஜான்சன் பிறவியிலேயே தசைநோயோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்த வழக்கறிஞர், அவரும் நாத்திகர்தான். என் வாழ்க்கை மட்டம் என்று வெளியே நின்று நீ எப்படி அளக்கிறாய் என்பது அவர் கேள்வி. அதைக் கேட்க அவருக்குக் கடவுள் தேவைப்படவில்லை. ஆக, நம்பிக்கை போனதால் அம்மாவின் மதிப்பும் போய்விட்டது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். திறமையை எண்ணி மதிப்புப் போடும் பழக்கம்தான் இங்கே இடிக்கிறது, அது ஆலயத்துக்குப் போகிறவர்களிடமும் தாராளமாக உண்டு.

குருவி வசனத்துக்குப் பக்கத்திலேயே, உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றும் வரும். எண்ணுகிறவர் யார் என்பதில் உங்களுக்கும் அக்காவுக்கும் ஒத்துவரப் போவதில்லை, விடுங்கள். அக்கா ஜெபிக்கிற நேரத்தில் நீங்கள் தலை சீவிவிடுங்கள், இரண்டும் ஒன்றாக நடந்தால் அம்மாவுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.